மாட்டோளியில் ஒரு வெறுங்கயிறு

பெல்காம்
12 ஜூலை 2004

கிஷோரி வைனிக்கு,

அண்ணி என்று நலம் விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல இது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் பாக்கு வாங்கும் வியாபாரியை நேற்று இங்கே சந்தையில் பார்த்தேன். "என்ன மாஸ்தர், உங்க அண்ணா பின்னாடி இருக்கிற காட்டையெல்லாம் வழிச்சு எறிஞ்சுட்டு சிமென்ட் தளம் போடறாராமே! சதுர்த்தி முடிஞ்சதும் ஜேசிபி வருதாம். நல்லதாப் போச்சு, இனிமே பாக்கு ஒரே சீரா காயும்" என்றார். ஏதோ எனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார் மனிதர்.

அவர் காடு என்று சொன்னது என் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அங்கே புல்கூட முளைக்காது. செம்புரைக்கல்லைக் கடப்பாரையால் உடைத்து, குழிக்குக் குழி ஆற்று மண் சுமந்து போட்டு, மழைக்கு முன் குச்சி குச்சியாக நட்டு வளர்த்தேன். அப்போது அண்ணா ஜன்னலில் நின்று பல் குத்திக்கொண்டே வேடிக்கை பார்த்தார். ஒரு கூடை மண் தூக்கித் தரவில்லை. இப்போது அவருக்கு அந்த இடம் வேண்டும்.

எனக்கு ஒரு வார்த்தை எழுதவேண்டும் என்று தோன்றவில்லை அவருக்கு. வீட்டு விஷயம் எனக்கு வியாபாரி வாயால் வருகிறது.

சொத்து இன்னும் பிரிக்கப்படவில்லை. அந்த மண்ணில் பாதி என்னுடையது. அங்கே ஒரு செடி அசைந்தாலும் வக்கீலோடுதான் பேசுவேன். வந்து பேசு என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறு வருடங்களுக்கு முன் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

உல்ஹாஸ்

ஸ்ரீ

ஆம்பேகாள்
21 ஜூலை 2004

உல்ஹாசுக்கு ஆசிகள்.

போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வக்கீல் பெயரை இழுப்பதற்கென்றால் மட்டும் தபால்பெட்டி வரைக்கும் கால் நடக்கிறது. இருக்கட்டும். ஆறு வருடங்களில் உன் கையெழுத்தாவது வந்ததே.

உன் அண்ணாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பாதி அவனோடதா? சரி, பாதி வெயிலும் அவனோடதா? வந்து அளந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். பிறகு அவரே, "கிஷோரி, நீயே சொல்லு. பாக்குக்கு நாப்பது நாள் வெயில் வேணும். சுத்திலும் தோப்பு, எங்கே பார்த்தாலும் நிழல். வீட்டைச் சுத்தி முழு வெயில் விழற இடம் ஒண்ணே ஒண்ணுதான், அதையும் அவன் பூச்சிக்கு எழுதி வச்சுட்டான்" என்று புலம்பினார். அவர் சொல்வதில் பொய் இல்லை. போன வருடம் பாதிப் பாக்கு பூசணம் பிடித்துப் போனது.

உன் பக்கமும் பேசத்தான் நினைத்தேன். ஆனால் என்னவென்று பேச? எனக்கு அங்கே தெரிவதெல்லாம் பச்சை, அதற்குள் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். "இது என்ன, எதுக்கு?" என்று அண்ணா விரலை நீட்டினால் சொல்ல வாயில் பதில் இல்லை. அதனால் நானே ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எந்தச் செடிக்கு நீ பெயரும் காரணமும் எழுதுகிறாயோ அதற்காக நான் வாதாடுவேன். பெயர் இல்லாதது போகட்டும்.

இன்னொன்று. ஆறு கோடையாக அதற்குத் தண்ணீர் யார் ஊற்றியது என்று நினைத்தாய்? அண்ணா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, கிணற்றிலிருந்து நான்தான் சுமந்தேன். எனக்கு மூட்டு வலி. அதையும் உன் வக்கீலிடம் சொல்.

கிஷோரி

பெல்காம்
29 ஜூலை 2004

வைனிக்கு,

தண்ணீர் ஊற்றியதை நான் கேட்கவில்லை, ஆனால் இனி மறக்கமாட்டேன்.

பெயர் கேட்டீர்கள். மூன்றாம் வகுப்பு மாணவிக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் அவற்றின் இறகு சூடேறியிருக்காது, பறக்காது. கிணற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

இடது கைப் பக்கம் வரிசையாக நிற்பது வெட்சி. அதை உங்களுக்குத் தெரியும், தினமும் பூஜைக்குப் பறிக்கிறீர்கள். யார் நட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பின்னால் மடல் மடலாய்ப் பிளந்த அகல இலையோடு, ஆரஞ்சுச் சிவப்பில் அடுக்கடுக்காகக் கோபுரம்போல் பூத்திருப்பது கிருஷ்ணகிரீடம். மூன்று நட்டேன், வேரோடியே நாற்பது ஆகிவிட்டது. 'ஏன் இப்படி மண்டவிட்டான்' என்று அண்ணா கேட்பார். தனிச் செடி மேலே பறப்பதன் கண்ணில் படாது. ஒரே நிறம் திரளாக இருந்தால்தான் கீழே இறங்கும். பூவின் குழல் நீளம், அதனால் நீண்ட நாக்கு உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகள்தான் அங்கே வரும். கறுப்பும் மஞ்சளுமாய்க் கையகலம் இருப்பதை நீங்களே பார்த்து, குருவி என்று நினைத்திருக்கிறீர்கள்.

வாய்க்கால் ஓரத்தில் எலிவால்போல் பச்சைக் குச்சி நீட்டி, அதில் நாளுக்கு நாலு நீலப் பூ பூப்பது சீமை நாயுருவி. அழகில்லை. ஆனால் எதுவும் பூக்காத மாதத்திலும் அது கடை திறந்து வைத்திருக்கும்.

சுவரோரம் எருக்கு. மாருதிக்கு மாலை கட்ட இலை பறிக்கலாம், ஆனால் திருப்பிப் பார்த்துவிட்டுப் பறியுங்கள், அடியில் முட்டை இருக்கும். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் சமையலுக்காக நட்டேன் என்று நினைத்தீர்கள். அவை புழுக்களுக்கு. பூ மட்டும் வைத்தால் அது சாப்பாட்டுக் கடை, வந்து தின்றுவிட்டுப் போய்விடும். இலையும் வைத்தால்தான் குடித்தனம் நடத்தும்.

நடுவில், நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில், இடுப்பளவு உயரத்தில் மஞ்சளாய் அவரைப் பூப்போலப் பூப்பது கிலுகிலுப்பை. இலையின் நுனி கூராக இல்லாமல் சற்றே உள்வாங்கியிருக்கும். காய் ஊதிப் போய், பழுத்தால் கறுத்து, ஆட்டினால் கொலுசு மணிபோல் கிலுங்கும். நம் ஊரில் காகரி என்பார்கள். விதையை வெந்நீரில் ஊறப்போட்டு முளைக்கவைத்தேன், பிறகு அதுவாகவே விழுந்து முளைத்துக்கொள்கிறது. கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்ட நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் மழை ஓயும் சமயத்தில் கூட்டம் கூட்டமாக இடம் பெயரும். அவற்றுக்காக நட்டது. கூட்டம் வந்ததில்லை. ஐந்தாறு வரும், சுற்றிப் பார்க்கும், போகும். என்றாவது வரும் என்று காத்திருக்கிறேன். அதில் ஒரு கிளை ஒடியக் கூடாது.

வேலியில் முள்ளோடு மஞ்சளும் ரோஜா நிறமுமாய்ப் பூத்துக் கிடப்பது உண்ணிச்செடி. நான் நட்டதல்ல, பறவை போட்டது. வண்ணத்துப்பூச்சி விரும்பும், ஆனால் மலையையே விழுங்கிவிடும். எதையாவது வெட்டியே தீரவேண்டும் என்று அண்ணாவுக்குக் கை அரித்தால் அதை வெட்டிக்கொள்ளட்டும்.

உல்ஹாஸ்

ஸ்ரீ

ஆம்பேகாள்
10 ஆகஸ்ட் 2004

உல்ஹாசுக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அண்ணா ஜன்னலில் இருந்து, "என்ன, தபால்லயே பாடம் நடத்தறானா உன் மச்சினன்? ஃபெயில் ஆனா பெஞ்சு மேல ஏத்துவானா?" என்றார். "பெஞ்சு மேல ஏத்தினாலும் பரவாயில்ல, உங்களை மாதிரி ஜன்னல்லயே நின்னுட்டு இருக்க மாட்டேன்" என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் என்று நினைத்து விரலால் தட்டப் போனேன். எச்சம் அசைந்தது! பக்கத்தில் பச்சையாக, பெரியதாக இன்னொன்று. அதைத் தொட்டேனோ இல்லையோ, தலையைத் தூக்கி இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டியது. ஒரு நாற்றம் அடித்தது பார். சத்தியமாக, உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ எழுதிய எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன். எழுதாத பத்துப் பன்னிரண்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் இலை காய வைத்து இத்துடன் அனுப்புகிறேன், பெயர் எழுதி அனுப்பு.

ஒரு செடியைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கிணற்றடியில் நின்ற வெள்ளிலை. மறந்துவிட்டாயா, இல்லை எழுதக் கை வரவில்லையா?

பேசாமலே ஆறு வருடம் போய்விட்டது. நானே பேசுகிறேன். அந்த வருடம் ஜூன் மாதம் அண்ணா வேன் வாங்கி வந்தார். நிறுத்த இடமில்லை என்று அந்த வெள்ளிலையை வெட்டினார். எனக்கும் வயிறு எரிந்தது. சதுர்த்திக்குக் கணபதி தலைக்கு மேல் கட்டும் மாட்டோளிக்கு அது வேண்டும். மூன்று நாள் மலையேறித் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் கோயில் குளத்தோரம் நட்டிருந்த தோட்ட ரகத்தில் ஒரு கொத்து வாங்கி வந்து கட்டினேன். பெயர் சரிபார்க்க ஊரில் தாவரவியல் படித்தவன் நீ ஒருவன்தான் என்று மாட்டோளிப் போட்டிக்காரர்கள் உன் கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார்கள். நான் கட்டிய நூற்று அறுபத்து மூன்று வகையில் நீ அடித்தது அந்த ஒன்றை. அந்த ஒன்றில் போர்க்கர் வீட்டுக்கு முதல் பரிசு போனது. எனக்கு வலித்தது நீ அடித்ததுகூட இல்லை. "இது என்ன வைனி?" என்று எல்லார் முன்னாலும் தெரியாதவன்போல் கேட்டாயே, அது.

"பூவுக்கெல்லாம் பேர் தெரியுது. வீட்டு மனுஷங்க பேருதான் இவனுக்கு மறந்து போச்சு" என்று அண்ணா சொன்னது அதற்குப் பிறகுதான். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய், ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது.

நீ அன்றைக்கு நியாயம் செய்யவில்லை. அண்ணா வெட்டியதற்கு என்னைத் திருப்பி வெட்டினாய்.

கிஷோரி

பெல்காம்
18 ஆகஸ்ட் 2004

வைனிக்கு,

இலைகளுக்குப் பெயர் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பதினொன்று. பன்னிரண்டாவது என் தோட்டத்தது அல்ல, பக்கத்து வீட்டுப் பலா இலை. என்னைச் சோதித்துப் பார்த்தீர்களோ?

அடித்தது சரி. இன்றைக்குக் கொடுத்தாலும் அடிப்பேன். காட்டு வெள்ளிலையில் ஐந்து இதழோடு சின்னதாய் ஆரஞ்சு நட்சத்திரம்போல் பூ இருக்கும், அதன் பக்கத்தில் ஒரே ஒரு புல்லி இதழ் மட்டும் வெள்ளை இலையாய் விரிந்து காற்றில் ஆடும். தூரத்துப் பூச்சிக்கு அதுதான் கொடி. அந்தச் செடியின் இலையைத் தின்று வளரும் புழு செங்கல் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட வண்ணத்துப்பூச்சியாகிறது. நீங்கள் கட்டியதில் எல்லாப் புல்லி இதழ்களும் வெளிறி ஊதிப்போய்ப் பூவையே மூடியிருந்தன. பார்வைக்கு மட்டும். நாற்றுப்பண்ணைக்காரன் மனிதக் கண்ணுக்காக உண்டாக்கியது. அதை வெள்ளிலை என்று எழுத என் பேனா மறுத்தது. சொந்த வீடு என்பதால் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? அதையும் நீங்கள்தான் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

மாட்டோளி என்பது என்ன? கணபதி தலைக்கு மேல் ஒரு மரச்சட்டம். காட்டில் உள்ள காய், பூ, தழை எல்லாவற்றையும் பிடுங்கி வந்து ஆளுக்கொரு கயிற்றில் தூக்கில் போடுகிறோம். ஐந்து நாளில் எல்லாம் வாடித் தண்ணீரில் போகிறது. அதற்கு ஒரு போட்டி, ஒரு பரிசு, ஒரு சண்டை. உங்களுக்கு அது பக்தியாக இருக்கலாம். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த வருடமும் கட்டத்தான் போகிறீர்கள். கட்டுங்கள். ஆனால் என் கிலுகிலுப்பையில் கை வைக்காதீர்கள். காகரிக் காய் வேண்டுமானால் சாலையோரம் தேடுங்கள். பன்னிரண்டு வருடத்தில் நான்கூட அதில் ஒரு கிளை ஒடித்ததில்லை. இதைக் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

உல்ஹாஸ்

ஸ்ரீ

ஆம்பேகாள்
29 செப்டம்பர் 2004

உல்ஹாசுக்கு ஆசிகள்.

ஒடித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்து உனக்கு நெஞ்சு அடைக்க வேண்டாம். சதுர்த்திக்கு முந்தின நாள் அரிவாளோடு போய், உன் கிலுகிலுப்பையில் முற்றிய காயும் பூவும் இலையுமாக இரண்டு கை நிறைய அறுத்து வந்தேன். 'இதைக் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்' என்று எழுதினாயே, அதற்காகவே அறுத்தேன். கேட்டிருந்தால் விட்டிருப்பேன்.

அது மட்டும் இல்லை. வெட்சி, கிருஷ்ணகிரீடம், எருக்கு, உன் எலிவால், நீ பெயர் எழுதிய பதினொன்று, எல்லாவற்றிலும் ஒவ்வொரு கொத்து. எதற்காக உன்னிடம் பெயர் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா? வாதாடவும்தான். மாட்டோளிக்கும்தான். உன் தோட்டத்திலிருந்து மட்டும் பத்தொன்பது வகை ஏறியது.

சதுர்த்தி அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் ஞாயிறு, நல்ல வெயில். பத்து மணிக்கு நான் அடுப்படியில் பாத்தோளிக் கொழுக்கட்டைக்கு மஞ்சள் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா கூப்பிட்டார். அவர் குரலே வித்தியாசமாக இருந்தது. "கிஷோரி, இங்கே வா. சத்தம் போடாம வா."

ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன, உல்ஹாஸ். கறுப்பில் நீலக்கோடு. நீ எழுதியவைதான். முதலில் இருபது முப்பது. மதியத்துக்குள் எண்ண முடியவில்லை. மாட்டோளியில் அத்தனை பூ தொங்குகிறது, ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அறுத்துக் கட்டிய கிலுகிலுப்பை முதல் நாளே வாடி, இலை சுருள ஆரம்பித்திருந்தது. அந்த வாடலில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, காலால் கீறிக் கீறி உறிஞ்சின. கயிறே தெரியவில்லை. கணபதி கிரீடத்தில் ஐந்து. அண்ணா தோளில் ஒன்று உட்கார்ந்தது, அவர் அரைமணி நேரம் அந்தக் கையை அசைக்கவில்லை.

ஆரத்திக்குப் பையன்கள் கும்மட்ட மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். "டேய் மெல்ல! மெல்ல அடிங்கடா! விருந்தாளி வந்திருக்காங்க" என்று உன் அண்ணா அதட்டினார். அவர் வாயால்.

செவ்வாய்க்கிழமை போட்டிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் கேட்டார்கள். நுனி உள்வாங்கிய இலை, குழல் நீளமான பூ, ஒப்பித்தேன். "இந்த அம்மா தாவரவியல் படிச்சவங்களா?" என்றார் ஒருவர். "இல்ல. அதைப் படிச்சவன்கிட்ட திட்டு வாங்கினவ" என்றேன்.

சட்டத்தின் நடுவில் ஒரு கயிறு வெறுமையாகத் தொங்கியது. "இதுல என்ன விட்டுப் போச்சு?" என்று கேட்டார்கள். "விட்டுப் போகல. அது வெள்ளிலை இடம். என் மச்சினன் ஆறு வருஷம் முன்னாடி அடிச்சுட்டான். நிஜமானது கிடைக்கற வரைக்கும் அது அப்படியேதான் தொங்கும்" என்றேன். அண்ணா தரையைப் பார்த்தார். வெட்டியவர் அவர்தானே. என்ன பரிசு வந்தது என்று கேட்காதே, சொல்லமாட்டேன்.

நேற்று முன்தினம் ஜேசிபி வந்தது. நான் மாட்டோளிப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். "பத்தொம்பது வகை இந்த மண்ணுல இருந்து வந்துச்சு. தளம் போடுங்க. அடுத்த வருஷம் கணபதி தலைக்கு மேல சிமென்ட் மூட்டையைக் கட்டித் தொங்க விடுறேன்" என்றேன். ஜேசிபிக்காரன் சிரித்துவிட்டான். அண்ணா சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். பிறகு, "பாக்கு இந்த வருஷம் மாட்டுக் கொட்டகைக் கூரை மேல காயட்டும். ஒரு வருஷம். அடுத்த சதுர்த்திக்கு அவன் இந்த வாசல்ல வந்து நிக்கலேன்னா மறுநாளே தளம். இதையும் எழுதிடு" என்றார்.

எழுதிவிட்டேன்.

கிஷோரி

பெல்காம்
9 அக்டோபர் 2004

வைனிக்கு,

பரிசு வந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் மூன்று முறை கோபத்தில் படித்தேன். நீங்கள் பார்த்தது அதிசயம் அல்ல. அவை ஆண்கள். கிலுகிலுப்பையின் சாற்றில் ஒரு கசப்பு இருக்கிறது, பெண்ணைத் தேடிப் போகுமுன் அவற்றுக்கு அது வேண்டும். பச்சையாக, முழுசாக நிற்கும் செடியிலிருந்து அதை எடுப்பது கஷ்டம். ஒடிந்து வாடினால்தான் வெளியே வரும். எனக்கு இது தெரியும். புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், பதினைந்து வருடம் பழைய கோடு. தெரிந்தும் ஒடிக்கவில்லை. என் செடி, ஒரு கீறல் படக் கூடாது. வாசலை விட்டுப் போகும் வரை ஆறு வருடம் அதன் முன்னால் நின்று, வரவில்லையே என்று அவற்றின் மேலும் கோபப்பட்டேன். நீங்கள் என் மேல் உள்ள வீம்புக்கு அறுத்தீர்கள், உங்கள் கூடத்துக்கு வந்தன. இதில் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அந்த வெறுங்கயிறு. அதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிடப் பார்த்தேன்.

அண்ணா வெள்ளிலையை வெட்டிய அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். வெட்டிப் போட்ட குவியலிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, மட்காவ் ஊரில் அப்போது நான் தங்கியிருந்த வாடகை அறைக்குக் கொண்டுபோனேன். மழைக்காலம், வேர் பிடித்துவிட்டது. சதுர்த்தி சமயத்தில் அது முழங்கை உயரம் இருந்தது, ஒரு கொத்துப் பூவும் விட்டிருந்தது. நீங்கள் மூன்று நாள் மலையேறித் தேடியது எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் எனக்கு போன் செய்து, "உல்ஹாஸ், உனக்குத் தெரிஞ்ச இடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டீர்கள். "இல்லை" என்றேன். சட்டி அப்போது என் கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னலில் இருந்தது.

பிறகு வந்து, உங்கள் முன்னால் நின்று, "இது என்ன வைனி?" என்று கேட்டேன்.

அடித்தது சரி. அதை மாற்றமாட்டேன். கட்டியது வெள்ளிலை அல்ல. ஆனால் நீங்கள் எழுதியதும் சரி. அது நியாயம் இல்லை.

அந்தச் செடி இங்கே வந்து மூன்று சட்டி மாறிவிட்டது. நாளைக் காலை ஃபோண்டா பஸ் நடத்துனரிடம் சட்டியோடு கொடுத்து அனுப்புகிறேன். காலை வெயில், மதிய நிழல் உள்ள இடத்தில் வையுங்கள். வேரோடு இருக்கும் மண்ணை உதிர்க்காதீர்கள். முதல் மாதம் தினமும் தண்ணீர். ஒரு கிளையை நானே ஒடித்து இங்கே வைத்துக்கொண்டேன். முழுவதையும் தர எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அண்ணாவிடம் சொல்லுங்கள்: மிரட்டலுக்கு நான் வருவதில்லை. செடி வருகிறது.

உல்ஹாஸ்

ஸ்ரீ

ஆம்பேகாள்
21 நவம்பர் 2004

உல்ஹாசுக்கு,

இந்த முறை ஆசி இல்லை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினால் என்ன எழுதுவேனோ என்று பயந்து, ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்தப் போனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது, அதோடு நின்றுதான் பேசினேன். நீ இல்லை என்று சொன்னதும், பாவம் அவனுக்கும் தெரியவில்லை என்று உனக்காக வருத்தப்பட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினொரு வயது. அப்போதும் நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நானும் கொடுக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

செடி வந்தது. அதற்குத் தனி டிக்கெட் போட்டாயா என்று யாரோ நடத்துனரைக் கேலி செய்தார்களாம், அவர் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார். அண்ணா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவனை மாதிரியே இருக்கு. இலையெல்லாம் முறைக்குது" என்றார். நான் கடப்பாரையை எடுத்து நேரே கிணற்றடிக்குப் போய், வேனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினேன். "ஏய், ஏய், டயர்!" என்று ஓடி வந்தார். "டயர் இருக்கற இடம்தான் அதோட இடம்" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு போனார். அன்றையிலிருந்து வேன் சாலையில் நிற்கிறது. காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, கண்ணாடியில் குருவி எச்சத்தைத் துடைத்துக்கொண்டே உன்னைத் திட்டுவது. சாயங்காலம் நான் குடத்தை எடுப்பதற்குள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. யார் என்று நானும் கேட்பதில்லை.

நேற்று ஓர் இலையில் நுனியிலிருந்து பாதி காணவில்லை. நரம்பு மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு புழு. கை வைக்கவில்லை.

"செடி வந்தா ஆள் வந்த கணக்கா?" என்று அண்ணாவிடம் உனக்காகக் கேட்டுப் பார்த்தேன். "இல்ல" என்றார். "அவன் வரணும். வரலேன்னா தளம்." நீ அவருக்குத் தம்பி, அவர் உனக்கு அண்ணா, இரண்டு பேரும் ஒரே கல்லில் வெட்டி எடுக்கப்பட்டவர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த சதுர்த்திக்கு நான் ஜேசிபி முன்னால் நிற்கமாட்டேன்.

ஆனால் மாட்டோளி கட்டுவேன். நடுக்கயிற்றில் வெள்ளிலை தொங்கும். ஐந்து இதழ் ஆரஞ்சு நட்சத்திரம், ஒரே ஒரு வெள்ளை இலை. பெயர் சரிபார்க்க இந்த முறையும் உன்னையே கூப்பிடச் சொல்லிப் போட்டிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

சிவப்புப் பென்சிலை நான் சீவி வைக்கிறேன். தைரியம் இருந்தால் வந்து அடி.

கிஷோரி